தேய்ந்த தாடையும் நிற்காத கீழ் செட்டும்

பல்செட் கட்டிக்கொண்ட பெரியவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மேலே இருப்பது பரவாயில்லை, கீழே இருப்பதுதான் நிற்க மாட்டேன் என்கிறது." தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் கூடலூரிலும் இதே புகார். மலையேறிக் கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை என்று போனாலும் இதே புகார். கீழ் செட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டில் புகைப்படம் எடுக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பல் கட்டியவருக்குக் கைராசி இல்லை என்பார்கள். பிளாஸ்டிக் மட்டம் என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் மதுரையில் கட்டியது மட்டும் எப்படி நிற்கிறது என்று கேட்பார்கள்.

எதிர்வீட்டுக்காரருக்குத் தாடை எலும்பு மிச்சம் இருந்திருக்கும், வேறொன்றுமில்லை. எலும்பு இருக்கிற வாய்க்குச் சுமாரான பல்செட் கூட நின்றுவிடும். எலும்பு கரைந்து தட்டையாகிப் போன வாய்க்கு அப்படியில்லை. அங்கே பல் எந்தக் கம்பெனி, பிளாஸ்டிக் எந்த நாடு என்பதெல்லாம் பின்னால் வரும் கேள்விகள். மருத்துவர் எத்தனை தடவை வரச் சொல்கிறார், ஒவ்வொரு தடவையும் என்ன செய்கிறார் என்பதுதான் செட் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லைப்பக்கத்து மக்களுக்குக் கொடுக்க முடியாமல் இருப்பதும் இந்தத் தடவைகளைத்தான்.

நான் பல்செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்ப்பவன். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அரிது. அவருடைய வாயின் வார்ப்புதான் என் மேசைக்கு வரும். மலைமேல் உள்ள கிளினிக்குகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றிவிடும் டப்பாவில், ஈரத்துணி சுற்றி, மேலே மலையாளத்திலோ தமிழிலோ பெயர் எழுதி வரும். பிரித்து எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்தால் அந்த வாய் எத்தனை காலமாகப் பல்லில்லாமல் இருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

தாடை எலும்பு முழுவதும் ஒரே வகை அல்ல. அடியில் இருப்பது தாடையின் சொந்த எலும்பு. அதன்மேல் பல் வேரைச் சுற்றி எழும்பியிருப்பது பல்லுக்காகவே உண்டானது. பல் முளைக்கும்போது அதுவும் கூடவே வளர்கிறது. பல் போய்விட்டால் அதற்கு வேலை இல்லை. உடல் அதைக் கரைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில் கரைவது அதிகம். பிறகு வேகம் குறைகிறதே தவிர, ஆயுள் உள்ளவரை நிற்பதில்லை. ஆன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர் முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை எக்ஸ்-ரே படங்கள் மூலம் பின்தொடர்ந்து 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். கீழ்த்தாடையின் முன்பகுதி, மேல்தாடையின் முன்பகுதியைவிடச் சுமார் 4 மடங்கு தேய்ந்திருந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, அமெரிக்கரான டக்ளஸ் அட்வுட் இந்தத் தேய்மானத்தை வாய் நோய்களில் ஒரு பெரிய நோயாகவே எண்ண வேண்டும் என்று எழுதினார். வயதானால் அப்படித்தான் என்று கைகழுவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்வுட் சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

தேய்வதிலும் ஒரு திசை உண்டு. மேல்தாடை மேல்நோக்கியும் உள்நோக்கியும் சுருங்குகிறது. கீழ்த்தாடை கீழ்நோக்கி இறங்கி, வெளிப்புறமாக அகன்றுகொண்டே போகிறது. மேலே சிறுத்து, கீழே பெருத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. பல் போன கிழவர்களுக்கு முகவாய் முன்னால் துருத்திக்கொண்டு மூக்கை எட்டப் பார்ப்பது இதனால்தான்.

வார்ப்பில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். பல் பிடுங்கிச் சில மாதமே ஆன வாய் என்றால், விரலால் பிடிக்கக்கூடிய உயரத்தில் ஈறுமேடு ஒன்று அரைவட்டமாக ஓடும். சில ஆண்டுகள் போனால் மேட்டின் இரு பக்கமும் கரைந்து, உச்சி கத்தி முனையாகக் கூர்ந்துவிடும். அதன்மேல் பல்செட் உட்கார்ந்து அழுத்தினால் நடுவில் மாட்டிக்கொண்ட ஈறு வலிக்காமல் என்ன செய்யும்? இன்னும் சில ஆண்டுகளில் அந்த முனையும் கரைந்து தட்டையாகும். கடைசி நிலையில் மேடு இருந்த இடம் பள்ளமாகிவிடும். முகவாய்க்கு உள்பக்கம், நாக்குத் தசை ஒட்டியிருக்கும் சின்ன எலும்புப் புடைப்புகள் ஒரு காலத்தில் எங்கோ ஆழத்தில் கிடந்தவை. தட்டைத் தாடையில் அவைதான் மிக உயரமான இடம். கீழ் உதட்டுக்குப் போகும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவரும் துளை, கடைவாய்க்கு முன்னால் பக்கவாட்டில் இருந்தது. எலும்பு இறங்க இறங்க அது மேற்பரப்புக்கே வந்துவிடுகிறது. செட்டை வைத்துக் கடித்தால் உதட்டில் கரண்ட் அடிக்கிறது என்று சில பாட்டிகள் சொல்வதை மருமகள்கள் நம்புவதில்லை. பாட்டி சொல்வது அட்சரம் பிசகாத உண்மை. மருத்துவர் அந்த இடத்தைக் குறித்து அனுப்பினால், வார்ப்பின்மேல் ஈயத்தாள் ஒட்டி அந்த இடத்தில் செட் தொடாமல் செய்து கொடுத்துவிடலாம். குறித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் தட்டைத் தாடைகள் அதிகம் வருவதற்கு வாழ்க்கைதான் காரணம். 1956-இல் மொழிவாரியாகப் பிரித்தபோது பீருமேடும் தேவிகுளமும் கேரளத்தோடு நின்றன; தேயிலையிலும் ஏலத்திலும் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டும்போது திரும்பும் பெண்கள் வேறு. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, புகையிலை. ஈறு நோய் வந்து பல் ஆடும். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். இந்த வருடம் இரண்டு, அடுத்த வருடம் மூன்று என்று போய், கடைசிப் பல் விழும்போது முதல் பல் இருந்த இடம் தேய ஆரம்பித்துப் பல காலம் ஆகியிருக்கும். பாக்கு இன்னொரு வேலையும் செய்கிறது: கன்னத்தின் உள்சதை நார்பிடித்து இறுகி வாய் திறப்பதே சுருங்கிவிடுகிறது. அளவெடுக்கும் ட்ரே உள்ளே போகாத வாய்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பல்செட்டை விடவும் முன்னால், வாய்க்குள் வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். புற்றுநோய் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி, மேல் செட் ஏன் நிற்கிறது என்பது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அமுக்கினால், நேராக இழுத்துப் பிரிப்பது கஷ்டம். மேல் செட்டும் அண்ணமும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் தண்ணீர் எச்சில். படலம் எவ்வளவு மெல்லியதோ பிடிமானம் அவ்வளவு அதிகம். ஓரம் முழுக்கக் காற்றுப் புகாமல் அடைத்திருக்கவும் வேண்டும். அதற்காகத்தான் மேல் செட்டின் பின் ஓரத்தில், மெத்தென்ற அண்ணம் தொடங்கும் இடத்தில், வார்ப்பைச் சற்றே சுரண்டிவிட்டுச் செட் செய்கிறோம். அந்த ஓரம் சதைக்குள் லேசாகப் பதிந்து காற்றை அடைக்கும்.

கீழ் செட்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. நடுவில் அண்ணம் இல்லை, நாக்கு இருக்கிறது. மேல் செட் உட்காரும் பரப்பு சுமார் 23 சதுர சென்டிமீட்டர் என்றால் கீழே கிடைப்பது 12-க்குச் சற்று மேல். அதுவும் தேயத் தேயக் குறையும். நாக்கு அசையும்போதெல்லாம் வாயின் தரையும் ஏறி இறங்கி ஓரத்தின் அடைப்பை உடைக்கிறது. கண்ணாடித் தகடுகளை நேராக இழுப்பதுதானே கஷ்டம், வழுக்கித் தள்ளுவது எளிது. மேடு இருந்தால் செட் பக்கவாட்டில் நகராமல் அது தடுத்திருக்கும். மேடே இல்லாதபோது கீழ் செட் ஒவ்வொரு கவளத்துக்கும் நகர்கிறது. ரத்த அழுத்தம், மனநலம் போன்றவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு வாய் உலர்ந்து போவதால் அந்தச் சொட்டுத் தண்ணீரும் இல்லை.

இதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். மேல் செட்டின் நடுவில் ரப்பர் வில்லை ஒன்றைப் பொருத்தி உறிஞ்சிப் பிடிக்க வைப்பது அதில் ஒன்று. முதல் நாள் அருமையாக நிற்கும். வில்லை இழுத்துக்கொண்டே இருப்பதால் அண்ணத்துச் சதை வீங்கி, புண்ணாகி, அடியில் உள்ள எலும்பும் அரிக்கப்படும். ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. எங்கேயாவது பழைய செட்டில் இப்படி ஒரு வில்லையைப் பார்த்தால் தயவுசெய்து கழற்றி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "ஒரே நாளில் பல்செட்" என்ற பலகையும் எனக்கு ஆகாது. எலும்பு நன்றாக இருப்பவருக்கு வேண்டுமானால் அது ஒத்துவரலாம். பல் மருத்துவம் பார்க்கும் உரிமை சட்டப்படி பதிவு பெற்ற பல் மருத்துவருக்கே உண்டு. என்னைப் போன்ற டெக்னீஷியன்களின் வேலை செய்து கொடுப்பதோடு முடிகிறது. நேரடியாக ஆட்களை உட்கார வைத்து அளவெடுக்கும் டெக்னீஷியன்கள் என் தொழில்காரர்களே என்றாலும், அவர்களுக்காக நான் பேச மாட்டேன்.

தட்டைத் தாடைக்குச் செட் செய்வதில் பாதிக்கு மேல் வேலை அளவெடுப்பதில் இருக்கிறது. அதற்கும் முன்னால் பழைய செட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஆடுகிற செட்டை வருடக்கணக்காகப் போட்டவரின் ஈறு நசுங்கியும் வீங்கியும் இருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் வீக்கத்துக்குத்தான் செட் செய்கிறோம். ஓரிரு நாளாவது செட் போடாமல் இருக்க வேண்டும், அல்லது பழைய செட்டின் அடியில் மெத்தென்ற மருந்துப்பூச்சு வைத்து ஈறு பழைய நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். செட்டின் ஓரம் அறுத்து அறுத்து உதட்டோரம் சதை மடிப்பாக வளர்ந்திருந்தால் அதற்குச் சின்ன அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

பிறகு முதல் அளவு. அதில் வார்ப்பு எடுத்து, அந்த வாய்க்கென்றே ஒரு ட்ரே செய்து அனுப்புகிறோம். ரெடிமேட் ட்ரேயிலேயே முடித்துவிடுகிறவர்களின் வேலை வார்ப்பிலேயே தெரியும்: ஓரமெல்லாம் தடித்து, நீண்டு, தசை அசைந்த சுவடே இல்லாமல் இருக்கும். தனி ட்ரேயின் ஓரத்தில் கிரீன்ஸ்டிக் என்ற, சூட்டில் இளகும் பச்சை நிறக் குச்சியை உருக்கி ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, நோயாளி நாக்கை நீட்டி, உதட்டைக் குவித்து, கன்னத்தை அசைத்து, விழுங்க, ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பதைத் தசைகளே முடிவு செய்கின்றன. கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் ஈறுத் திண்டு ட்ரேக்குள் வந்தாக வேண்டும். கன்னப்பக்கத்தில், கடைவாய் இருந்த இடத்துக்கு வெளியே ஒரு தட்டையான எலும்புத் திட்டு உண்டு. அது மற்ற இடம்போல் கரைவதில்லை. கடிக்கும் பாரத்தை நேராக வாங்கிக்கொள்ளும். தட்டைத் தாடையின் உண்மையான சொத்து அந்தத் திட்டுதான். அதை விட்டுவிட்டு எடுத்த அளவில் நான் எவ்வளவு பளபளப்பாகப் பல் அடுக்கினாலும் பிரயோஜனமில்லை.

இன்னொரு சங்கடம், தட்டைத் தாடையின்மேல் ஈறு மெலிந்து சுருக்கம் சுருக்கமாகக் கிடப்பது. செட்டுக்கும் எலும்புக்கும் நடுவே அந்தச் சுருக்கம் மாட்டி நசுங்கும். சாதாரண அளவுப் பசை இளகலானது, சுருக்கத்தைச் சுருக்கமாகவே பதிவு செய்யும். பிரிட்டனின் மெக்கார்டும் டைசனும் 1997-இல் இதற்கு ஒரு கலவையைச் சொன்னார்கள்: சூட்டில் இளகி ஆறினால் இறுகும் சிவப்பு காம்பவுண்ட் என்ற அளவுப் பொருள் 3 பங்கு, கிரீன்ஸ்டிக் 7 பங்கு, எடை அளவில். சுமார் 60 டிகிரி வெந்நீரில் போட்டு, விரலில் வாஸ்லின் தடவிக்கொண்டு, நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து ட்ரேயில் வைக்க வேண்டும். கலவை கெட்டி, அதனால் சுருக்கங்களை ஒதுக்கித் தள்ளிவிடும். அதே சமயம் உடனே இறுகிவிடாது. நோயாளி நாக்கையும் கன்னத்தையும் அசைக்கப் போதுமான நேரம் கிடைக்கும். விலையுயர்ந்த சாமான் எதுவும் இல்லை. எந்தப் பல் கிளினிக்கின் அலமாரியிலும் இருக்கிற இரண்டு பொருள்கள், ஒரு வெந்நீர்ப் பாத்திரம், பொறுமை. மேல்தாடையின் முன்பக்கம் எலும்பு போய் வெறும் சதை தளதளவென்று ஆடினால் அதற்கு நேர்மாறான உத்தி வேண்டும். அந்த இடத்தில் ட்ரேயில் ஜன்னல் வெட்டி, மிக இளகலான பசையைச் சதை அமுங்காமல் மேலே தடவி எடுப்பார்கள்.

அளவு சரியாக இருந்தும் செட் நிற்கவில்லை என்றால் பல் தவறான இடத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது. இது எங்கள் பக்கத்துத் தவறு. நாக்கு எப்போதும் வெளியே தள்ளுகிறது. கன்னமும் உதடும் உள்ளே தள்ளுகின்றன. இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்கிற ஓர் இடைவெளி வாய்க்குள் இருக்கிறது. பல் அங்கே இருந்தால் தசைகளே செட்டைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நகர்ந்தாலும் தசைகளே தூக்கி எறியும். வில்ஃப்ரெட் ஃபிஷ் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர் 1930-களிலேயே இதை விளக்கிவிட்டார். மேடு உள்ள வாயில் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தட்டைத் தாடையில் செட்டைப் பிடிக்க வேறு எதுவும் இல்லாததால் எல்லாமே இதுதான்.

அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. கீழ் செட்டின் அடித்தகட்டின்மேல் மெழுகுக்குப் பதிலாக இளக்கிய காம்பவுண்டை வைத்து வாய்க்குள் வைப்பார்கள். நோயாளி வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்து விழுங்குவார். உதட்டைக் குவிப்பார், சிரிப்பார். எண்களைச் சத்தமாகச் சொல்வார், தமிழிலோ மலையாளத்திலோ. பத்து நிமிடத்தில் காம்பவுண்ட் ஒரு வடிவத்துக்கு வந்து இறுகிவிடும். அது எங்கள் மேசைக்கு வரும்போது பார்க்க வேண்டும்: நாக்கு அமுக்கிய குழிவு ஒரு பக்கம், கன்னம் அமுக்கிய குழிவு மறுபக்கம், நடுவில் கோணல்மாணலாக ஒரு பாதை. இரண்டு பக்கமும் பிளாஸ்டர் மாவு ஊற்றி அணை கட்டிக்கொண்டு, காம்பவுண்டை எடுத்துவிட்டு, அந்தப் பாதைக்குள்ளேயே பற்களை அடுக்குகிறோம். பாதை மிகவும் குறுகலாக இருந்தால் பல்லைத் தேய்த்துச் சிறிதாக்குவேன். பாதையை மீற மாட்டேன். ஆனால் இப்படிச் செய்யச் சொல்லி வரும் ஆர்டர்கள் மிகக் குறைவு. மருத்துவருக்கு இன்னொரு அமர்வு, நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி.

பல் அடுக்குவதிலும் சில விட்டுக்கொடுத்தல்கள் உண்டு. கீழ்த்தாடை பின்னால் மேல்நோக்கி ஏறும் சரிவில் பல் வைக்கக் கூடாது; கடிக்கும்போது செட் முன்னால் வழுக்கும். அதனால் கடைசிக் கடைவாய்ப் பல்லையே விட்டுவிடுவது பல நேரம் நல்லது. எண்ணிக்கை குறைகிறது என்று நோயாளி சண்டை போடுவார், போடட்டும். கூர்முனையுள்ள பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு செட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். மேல் பல்லின் உள்முனை மட்டும் கீழ்ப் பல்லின் நடுக்குழியில் தொடும்படி வைத்தால் அந்த இழுப்பு குறையும். முகத்தை நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று செட்டை உயரமாகச் செய்வது இன்னொரு பெருந்தவறு. ஓய்வில் இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பேசும்போது பல் கடகடவென்று மோதும், ஈறு நாள் முழுக்க அழுத்தத்திலேயே இருக்கும். மேல்தாடை மிகவும் தேய்ந்து செட் கனத்துப் போனால் உள்ளே கூடாக விட்டுச் செய்யலாம். கீழே நேர்மாறாக, சிலர் உலோகத் தகடு வைத்துக் கனமாக்குவார்கள். கனத்தை மட்டும் நம்பிச் செய்த கீழ் செட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இத்தனையும் சேர்ந்தால், செட் கையில் கிடைக்கும் முன்பே 5, 6 முறை வர வேண்டியிருக்கிறது. கையில் கிடைத்த பிறகுதான் மிச்ச வேலை ஆரம்பம். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை, அப்புறமும் தேவைக்கேற்ப. மருத்துவர் செட்டின் அடியில் வெள்ளைப் பசை தடவி வாயில் வைத்து எடுப்பார். எந்த இடத்தில் பசை அழிந்து பிளாஸ்டிக் தெரிகிறதோ அந்த இடம்தான் குத்துகிறது. அங்கே மட்டும் கொஞ்சம் தேய்த்துவிடுவார். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது. மலைமேல் இருப்பவருக்கு பஸ் கட்டணமும் சேர்கிறது. அதனால் புண் வந்ததும் செட்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கூலி விட்டு ஒரு நாள் வரும்போது புண் ஆறியிருக்கும். எங்கே குத்துகிறது என்று மருத்துவருக்கு எதுவும் தெரியாது. வருவதற்கு முந்தைய நாளாவது செட்டைப் போட்டு, அதில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினால் பாதிப் பயணங்கள் வீணாகாமல் இருக்கும். வீட்டிலேயே பிளேடாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக்கொள்பவர்களின் செட்டை ரிப்பேருக்கு அனுப்புவார்கள். ஓரமே இல்லாத அந்தச் செட்டை வைத்துக்கொண்டு புதிதாகத்தான் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

பணத்துக்குக் கேரளத்தில் ஒரு வழி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கட்டிக்கொடுக்கும் 'மந்தஹாசம்' என்ற திட்டத்தை அந்த மாநிலச் சமூகநீதித் துறை நடத்துகிறது. தோட்டத்தில் ஓய்வுபெற்று லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, தங்கியிருக்கும் தமிழர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கேரள ரேஷன் அட்டை வைத்துக்கொண்டு கம்பத்தில் கடன் வாங்கிப் பல் கட்டுகிறார்கள். சிக்கலான தாடை என்றால் கோட்டயத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கற்பிக்கும் இடம் என்பதால் காத்திருக்க வேண்டிவரும். ஆனால் மேலே சொன்ன அமர்வுகளை அவசரமில்லாமல் செய்யக்கூடிய இடமும் அப்படிப்பட்டதுதான்.

சாப்பாட்டைப் பற்றி மருத்துவர்கள் பொதுவாக "மெதுவானதைச் சாப்பிடுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். செட் போட்டுக் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் பலத்தில் கால் பங்குக்கும் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் சில நாள் கஞ்சி, இட்லி, குழைய வெந்த கப்பை (மரவள்ளிக்கிழங்கு). இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிறிது சிறிதாக வைத்து மெல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பும். முன் பல்லால் கொய்யாவைக் கடிக்கவே கூடாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதன் விதை ஒன்று கீழ் செட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் கத்தி வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். தட்டைத் தாடைக்காரர்கள் விதையைத் துப்பிவிட்டுச் சாறை மட்டும் குடிக்கலாம். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். போட்டபடியே தூங்கினால் அடியில் பூஞ்சை பிடித்து அண்ணம் சிவந்துவிடும். வெந்நீரில் போட்டால் செட் கோணும்.

எலும்பு தேய்வது செட் கட்டிய பிறகும் நிற்பதில்லை என்று மேலே சொன்னேன். அதனால் நன்றாக நின்ற செட்டும் சில ஆண்டுகளில் தளரும். ஒட்டுப்பசை வாங்கித் தடவுவதற்கு முன்னால் அடிப்பாகத்தைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். பற்கள் நன்றாக இருந்தால் பழைய செட்டின் அடியில் மட்டும் புதிதாக அளவெடுத்துப் பிளாஸ்டிக் சேர்த்துக் கொடுத்துவிடலாம். செலவு புது செட்டைவிட மிகவும் குறைவு. பதினைந்து வருடம் ஒரே செட்டைப் போட்டதில் பெருமைப்படுகிறவர்களின் வார்ப்புகளைத்தான் நான் பயந்துகொண்டே பிரிப்பேன்.

இம்ப்ளான்ட் பற்றிக் கேட்காதவர்கள் இப்போது இல்லை. சுவீடனின் பிரேனமார்க் 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் திருகுகளைப் பதித்தார்; எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் பொத்தான் போல மாட்டும் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல செய்தி என்னவென்றால், எவ்வளவு தேய்ந்த கீழ்த்தாடையிலும் முகவாய்ப் பகுதியில், உதட்டு நரம்பு வெளிவரும் இரு பக்கத்துத் துளைகளுக்கும் நடுவே பெரும்பாலும் போதிய எலும்பு மிச்சம் இருக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் புகையிலையும் இருப்பவர்களுக்கு யோசித்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் இம்ப்ளான்ட் வைத்தால் அளவெடுப்பதில் அலட்சியம் காட்டலாம் என்று நினைக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். செட் மோசமாக இருந்தால் மாட்டும் பொத்தான்கள் சீக்கிரமே தேயும், சதை புண்ணாகும்.

இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, கடைசிப் பற்கள் வாயில் இருக்கும்வரை மட்டும். ஆடாத இரண்டு கோரைப்பற்கள் கீழே மிச்சம் இருந்தால், எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லாமல், அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு, மேலே செட் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். வேர் இருக்கிற இடத்தில் எலும்பு தங்குகிறது. க்ரம், ரூனி என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட 5 ஆண்டு ஆய்வில், கீழ்க் கோரைப்பற்களின் வேரை வைத்துக்கொண்டவர்களுக்குத் தாடையின் முன்பகுதி சராசரியாக 0.6 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. எல்லாப் பல்லையும் இழந்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். அந்த இரண்டு வேரையும் தினம் துலக்க வேண்டும், ஃப்ளோரைடு வைக்க வேண்டும். இல்லையென்றால் செட்டுக்கு அடியிலேயே சொத்தையாகிவிடும். எங்கள் லேபுக்கு இப்படிப்பட்ட கேஸ்கள் அபூர்வமாகத்தான் வருகின்றன. வரும்போது வார்ப்பின் முன்பக்கம் இரண்டு குட்டிக் குமிழ்கள் நிற்கும், அவற்றைச் சுற்றிலும் மேடு அப்படியே இருக்கும்.